அல்லிக்கேணியில் ஓர் ஆற்றுப்படை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எந்த ஊரில், எந்த வீட்டில், என்ன உணவு கிடைக்கும் என்று வழி காட்டும் நூல் வகை ஒன்று தமிழில் மிகப் பழமையானது. அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். பரிசில் பெற்று மீளும் பாணன், பசியோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். மன்னனின் கொடைச் சிறப்பைக் கூறுவது அப்பாட்டுகளின் நோக்கம் எனப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. படித்து முடித்தவர் நெஞ்சில் தங்குவதோ வழியில் கிடைக்கும் சோறுதான். சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்துக் குடிசையில் சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. எயினர் குடியில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும். பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையில்கூடப் பாணனுக்குச் சோறு உண்டு. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும், தொட்டுக்கொள்ள மாவடுவும் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே பாணன், ஒரே பயணத்தில், இத்தகைய பல வாசல்களில் உண்கிறான்.

அவன் திண்ணையில் அமர்ந்து உண்டானா, உள்ளே அமர்ந்து உண்டானா, வீட்டாரோடு உண்டானா, அவர்கள் உண்ட பின் உண்டானா என்பதைப் பாட்டுகள் விரித்துச் சொல்லவில்லை. பாட்டு விட்டுச் சென்ற அந்த இடத்திலிருந்துதான் இவ்வுரை தொடங்குகிறது. ஒரு பேட்டையின் உணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சுவையைப் பற்றியே பேசுகின்றனர். எந்தக் கடையில் எது நன்றாயிருக்கும் என்பது பயனுள்ள செய்திதான். ஆயினும் யார் சமைத்ததை யார் உண்டார், யாருடைய பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதே அப்பேட்டையின் உண்மையான வரலாறு. அதற்குச் சென்னைத் திருவல்லிக்கேணியைக் காட்டிலும் தக்க சான்று வேறில்லை. கோயில் குளத்திலிருந்து பெரிய பள்ளிவாசலுக்கும் அங்கிருந்து கடற்கரைக் குப்பத்துக்கும் நடந்தே சென்றுவிடலாம். அவ்வளவு சிறிய பரப்பில் ஐந்தாறு விதமான அடுப்புகள் பல தலைமுறைகளாக எரிகின்றன.

முதலில் கோயில். அல்லி மலர்ந்த கேணி என்பதே ஊர்ப்பெயராயிற்று. குளத்திற்குக் கைரவிணி என்று வடமொழிப் பெயர். அதற்கும் அல்லி என்றே பொருள். பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். பாரதப் போரில் தேரோட்டியபோது முகத்தில் அம்பு பட்ட பெருமான் ஆதலால், இங்கே மடைப்பள்ளியில் எண்ணெயை விலக்கி நெய்யையே சேர்ப்பர் என்பது அடியார் வழக்கு. சர்க்கரைப் பொங்கலில் வழியும் நெய்க்கு இப்படி ஒரு காரணம் இருப்பது இனிமையானதே. எனினும் இக்கோயிலில் உணவைப் பற்றிய மிகவும் கனமான செய்தி மடைப்பள்ளியில் இல்லை, கல்லில் இருக்கிறது.

பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இக்கோயிலில் உள்ளது. சென்னை நகர எல்லைக்குள் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. அது போர் வெற்றியைப் பாடவில்லை. கோயில் நிலம் ஒற்றி வைக்கப்பட்டுவிட்டது. அதனால் இறைவனுக்குப் படைக்கும் அமுதரிசி குறைந்துபோயிற்று. புகழ்த்துணை விசையரையன் என்பவர் நிலத்தை மீட்டு, குறைந்த அரிசியை மீண்டும் வரச் செய்தார். இவ்வளவே செய்தி. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்பேட்டையில் ஒருவர் கல்லில் வெட்டி வைக்கத் தக்கது என்று கருதிய நிகழ்ச்சி, அடைபட்டுப்போன அரிசி திரும்பி வந்தது! புகழ்த்துணையைப் பற்றிக் காவியம் எழுந்ததாகத் தெரியவில்லை. கல் மட்டும் நிற்கிறது.

அதே பேட்டையில் 1904ஆம் ஆண்டு தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அரிசிக் கவலையில் பிறந்ததே. சம்பளக்காரக் குடும்பங்கள் நியாயமான விலையில், சரியான எடையில் மளிகை வாங்குவதற்காகத் தாமே கூடி அமைத்த அப்பண்டகசாலை, இந்திய நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் வைத்து எண்ணப்படுகிறது. இந்து நாளேட்டை 1878இல் தொடங்கிய அறுவரும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சார்ந்தவர்கள் என்பதைப் பலர் அறிவர். இலக்கியச் சங்கம் பெற்ற புகழில் பாதியும் பண்டகசாலைக்குக் கிட்டவில்லை. வட்டங்கள் நடத்துவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் காப்பியின் ஆட்சி தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த காப்பி, நீராகாரத்தை வெகு விரைவில் வெளியேற்றியது. வறுத்து அரைத்த தூளின் மணமும் முதல் டிகாஷனின் பெருமையும் டபராவில் ஆற்றும் முறையும் ஒரு தனிச் சடங்காகவே வளர்ந்தன. காப்பியோடு வந்ததுதான் காப்பி கிளப்பு. வீட்டுக்கு வெளியே காசு கொடுத்து உண்பது என்னும் வழக்கம் அதற்கு முன் சத்திரத்தோடும் சோற்றுக்கடையோடும் நின்றிருந்தது. காப்பி கிளப்பு வந்ததும் ஒரு பெருஞ் சிக்கல் எழுந்தது. வீட்டில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்; கடையில் எதைச் சாத்துவது? அதற்குக் கண்டுபிடித்த விடையே பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்னும் சொல். சில இடங்களில் உள்ளே தனித்தனி இடங்கள். சில இடங்களில் நடுவே ஒரு தட்டி. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இவ்வேறுபாடு நெடுங்காலம் நிலவி, எதிர்ப்பின் பின்னரே நீங்கியது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று கூறிவிட்டது. தட்டிகள் போயின, பலகைச் சொல் போகவில்லை. சைவ உணவு என்பதற்கான அடையாளமே அது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ‘சைவம்’ என்று எழுதினாலே போதுமே என்பது எதிர்வினா. 1957ஆம் ஆண்டு பெரியாரின் திராவிடர் கழகம் இப்பேட்டையின் முரளி கபே முன் மறியலைத் தொடங்கியது. நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்றனர்; கைதாயினர்; மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தனர். மாதக்கணக்கில் நடந்தது. மறு ஆண்டு அப்பலகையிலிருந்து அச்சொல் நீங்கியது.

ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறை செல்ல வேண்டுமா என்று அன்றும் கேட்டவர் உண்டு. இன்றும் கேட்பவர் உண்டு. சொல்லையே தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் இவ்வினாவைக் கேட்கமாட்டார்கள் என்று நம்பலாம். உள்ளே வராதே என்று அப்பலகை எவரையும் பார்த்துச் சொல்லவில்லை. உள்ளே வந்து, காசு கொடுத்து, இட்லி உண்ணும் ஒருவனைப் பார்த்து, ‘இங்கே நீ இரண்டாமவன்’ என்று மட்டும் சொன்னது. அதனை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மறுமொழி கூற முடியும். பலகையோடு வாதாட முடியாது. அதனால்தான் அதன்முன் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த வரலாற்றின் பக்கத்திலேயே வேறொரு கதையும் உண்டு. திருவல்லிக்கேணியின் புகழ்பெற்ற சாம்பார் இட்லி, 1948இல் தொடங்கப்பட்ட ரத்னா கபேயினுடையது. தொடங்கியவர்கள் வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர். தட்டில் இரண்டு இட்லி வைத்துவிட்டுச் சப்ளையர் குவளையோடு வருவார். இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுவார். கேட்டால் மீண்டும் ஊற்றுவார். தமிழகத்தின் சாம்பார் இன்னதென்று தமிழர்களுக்கே காட்டிய கடையொன்றை இந்தி பேசும் நாட்டினர் நடத்தினர் என்பது, சுவையின் உரிமையைப் பற்றிப் பெருமை பேசுவோர் அறிய வேண்டிய செய்தி. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்ததுதானே! மிளகைப் போல உறைத்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டதும் அது தமிழாகிவிட்டது. வந்தவற்றுக்குப் பெயர் கொடுத்து உள்ளே அமர்த்திக்கொள்வதில் தமிழ்ச் சமையலறை தமிழ்ச் சமூகத்தைவிட எப்போதும் ஒரு படி முன்னே நின்றிருக்கிறது.

கடற்கரை நோக்கிச் செல்லும் தெருக்களில் மேன்ஷன்கள். தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர், தேர்வுக்குப் படிப்பவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, திரைப்படக் கனவோடு வந்தவர் எனத் தனியாள்களின் உலகம் அது. கட்டிலும் கொடியும் போட்டால் நிறைந்துவிடும் அறை. அறையில் அடுப்பு மூட்ட அனுமதி இராது. ஆகவே மேன்ஷன் இருக்கும் தெருவில் மெஸ்ஸும் இருக்கும். உணவு விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் வேறுபாடு உண்டு. விடுதியில் உண்பவன் விரும்பியதைக் கேட்கிறான். மெஸ்ஸில் அன்றைக்கு என்ன ஆக்கினார்களோ அதை உண்கிறான், வீட்டில் உண்பதைப் போல. செவ்வாய்க்கிழமை வத்தக்குழம்பு என்றால் செவ்வாய்க்கிழமை வத்தக்குழம்புதான். அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் டோக்கன் கொடுத்து ஆளைக் காக்க வைத்து, ஒரு பந்தி எழுந்த பின் மறுபந்தி உட்கார வைக்கும். சேப்பாக்கம் ஓரத்தில் 1961 முதல் நடந்துவரும் நாயர் மெஸ்ஸில் கேரளத்துக் கைப்பக்குவத்தில் மீன் வறுவலும் மீன் குழம்பும்.

தமிழ் மொழியின் ஒரு தனிச் சொற்களஞ்சியம் இம்மெஸ்களில் புழங்குகிறது. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, எடுப்புச் சாப்பாடு. கல்லா, சரக்கு மாஸ்டர், இலை போடுதல், பந்தி முறிதல். ‘எடுப்பு’ என்னும் சொல்லில் எத்தனை பொருள்! தூக்குவாளியில் ஒருவர் வாங்கிச் சென்று அறையில் இருவர் பகிர்ந்துண்ணும் மாதக் கடைசியும் அதில் அடக்கம். இச்சொற்கள் கவிதைக்குள் வந்தது மிகக் குறைவு. இதில் ஒரு வியப்பும் உண்டு. தமிழ்ப் புதுக்கவிதைக்கு மேடையமைத்த ‘எழுத்து’ இதழை 1959 முதல் 1970 வரை சி. சு. செல்லப்பா நடத்தியது இதே திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வெளிவந்ததும் அங்கிருந்தே. நகரத்துத் தனிமையைப் பற்றித் தமிழ்க் கவிதை மிகுதியாகப் பேசத் தொடங்கிய காலம் அது. அத்தனிமையோடு வாழ்ந்தவர்கள் பக்கத்துத் தெருக்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றனர். முன்பின் அறியாத நால்வர் ஒரே மேசையில் அமர்ந்து, பேசாமல், ஒரே ரசத்தை உண்டு எழுவது நகரத் தனிமையின் படிமம் அன்றா? கவிதை சன்னல் வழியே நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தது போலும்.

ஆயினும் அந்த மேசைக்கு ஒரு பெருமையை மறுக்க முடியாது. பலகையின் முன் மறியல் செய்து பெற வேண்டியிருந்ததை, டோக்கன் எண் யாரையும் கேளாமலே செய்தது. பதினேழாம் எண்ணுக்கும் பதினெட்டாம் எண்ணுக்கும் இடையே சாதி கேட்க நேரமில்லை. பின்னால் நிற்பவனுக்குப் பசி. மேன்ஷன் அறை கொடுப்பதில் அத்தகைய சமத்துவம் எப்போதும் இருந்ததென்று சொல்லிவிட இயலாது. சோற்று வரிசையில் இருந்தது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று முடக்கத்தில் அறைகள் காலியாயின, பந்திகள் நின்றன. ஊருக்குத் திரும்பியவர்களுள் பலர் மீண்டு வரவில்லை. இப்போது கைப்பேசியில் கேட்டால் அறைக் கதவுக்கே பொட்டலம் வருகிறது. வசதிதான். ஆனால் பொட்டலத்துக்குப் பக்கத்து இலை கிடையாது.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. 1795இல் கட்டப்பட்டது. ஆர்க்காட்டு நவாபுகள் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பிக் குடியேறியபோது, அவர்களோடு ஓர் உணவு நாகரிகமே வந்து குடியேறியது. 1855இல் கடைசி நவாபு வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் அரசுரிமையை முடித்து அரண்மனையை எடுத்துக்கொண்டனர். அரசு போயிற்று, அடுப்பு போகவில்லை. பிரியாணி, குஷ்கா, தால்சா, ஜாம்பஜார்ப் பக்கத்து இனிப்புக் கடைகளில் ரவையும் நெய்யும் சேர்த்துச் சுட்டெடுக்கும் தம்ரூட் என அதன் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளன. அரண்மனைச் சமையல் தெருவுக்கு வந்தபோது இங்குள்ள புளியையும் கத்திரிக்காயையும் சேர்த்துக்கொண்டது. பிரியாணியோடு வைக்கும் புளிப்பேறிய கத்திரிக்காயைக் கண்டால் ஆர்க்காடு எந்தத் திசையில் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

பள்ளிவாசலின் உள்ளே கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை இயற்றியவர் மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். கவிஞர் அவையில் இதைச் சொல்லாமல் செல்வது முறையன்று.

நோன்பு மாதத்து மாலை நேரத்தில் அப்பள்ளியின் முற்றம் பார்க்கத் தக்கது. நோன்புக் கஞ்சி தமிழ் முசுலிம்களின் தனிச் சொத்து. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் கூடிக் குழைந்து, வெறும் வயிற்றுக்கு இதமாக இறங்கும். இதனை எல்லா ஊர்ப் பள்ளிவாசல்களிலும் காணலாம். வாலாஜா பள்ளியில் மட்டும் காணக்கூடியது ஒன்று உண்டு. மயிலாப்பூரில் உள்ள சூஃபிதார் என்னும் அமைப்பைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் நோன்பு மாதம் முழுவதும் உணவு சமைத்து, வண்டியில் ஏற்றி வந்து, முற்றத்தில் வரிசையாக அமர்ந்தவர்களுக்குப் பரிமாறுகின்றனர். முற்றிலும் மரக்கறி உணவு. அமைப்பைத் தொடங்கியவர்கள் 1947இன் பிரிவினையில் சிந்து மாநிலத்தை விட்டு, உடைமை இழந்து, ஏதிலிகளாகச் சென்னை வந்த சிந்திக்கள். இப்பணி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறுகிறது.

நாடு மதத்தின் பெயரால் பிளந்தபோது வீடிழந்தவர்கள், எந்த மதத்தின் மீது கசப்புக் கொள்ள அவர்களுக்குக் காரணம் இருப்பதாக உலகம் எண்ணுமோ, அம்மதத்தாரின் நோன்பைத் திறக்க வைக்கிறார்கள். இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறிக்கலாம். சமைப்பவர் இறைச்சி உண்ணாதவர். உண்பவர் இறைச்சி உண்பவர். பரிமாறுபவர் தம் வழக்கத்தை விட்டுவிடவில்லை. உண்பவர் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. ‘சைவம்’ என்பது இங்கே எவரையும் வெளியே நிறுத்தும் பலகையாக இல்லை. ஒருவர் கையால் கொடுக்க முடிந்தது எதுவோ, அதன் பெயராக மட்டும் இருக்கிறது. முரளி கபேயிலிருந்து இம்முற்றத்துக்கு நடந்து வந்துவிடலாம்.

இனிக் கடல். போகிற வழியில் ஐஸ் ஹவுஸ். 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம். பின்னாளில் விவேகானந்தர் தங்கிய இல்லம். வெயிலில் காயும் இந்த ஊருக்கு அத்தனை தொலைவிலிருந்து குளிர்ச்சியை இறக்குமதி செய்து சிலர் பருகினர் என்பதோடு அக்கதை முடிகிறது. மணலில் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டனர்.

எழுதப்படாதது நடுக்குப்பமும் அயோத்திக்குப்பமும். அல்லிக்கேணிக் குளத்தில் முனிவர் ஒருவரின் சாபத்தால் மீன் வாழாது என்பது தலபுராணச் செய்தி. மீனில்லாத குளத்திலிருந்து கூப்பிடு தொலைவில் மீனே வாழ்வாகக் கொண்ட கடலோரம்! ஆற்றுப்படையில் பாணன் தொடக்கத்திலேயே நெய்தல் குடிசையில் உண்டுவிடுகிறான். திருவல்லிக்கேணியைப் பற்றிய நூல்களிலோ நெய்தல் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். வஞ்சிரமும் வவ்வாலும் மெஸ்களுக்கும் விடுதிகளுக்கும் ஏறும் மீன்கள். குப்பத்து அடுப்பில் வேகுபவை பெரும்பாலும் நெத்திலியும் காரப்பொடியும் கானாங்கெளுத்தியும். விலை போகும் மீனை விற்றுவிட்டு விலை போகாத மீனைக் குழம்பு வைப்பது கடலோர வீட்டின் பொருளியல். அக்குழம்பின் சுவையை நகரத்தின் எந்த விடுதியாலும் கொடுக்க முடியவில்லை என்பது வேறு. மாங்காய் போட்டு முதல் நாள் வைத்த குழம்பை மறுநாள் காலை பழைய சோற்றோடு உண்டவர்களுக்கு இது தெரியும்.

கரையில் மீன் விற்பவர்கள் பெண்கள். வலை ஆணுடையது, கூடை பெண்ணுடையது என்பது நெய்தலின் பழைய பங்கீடு. 2004ஆம் ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலை முதலில் புகுந்தது இக்குடிசைகளில்தான். 2017 சனவரி 23 அன்று, கடற்கரையில் ஏறுதழுவுதலுக்காகத் திரண்டிருந்த இளைஞர்கள் கலைக்கப்பட்டபோது, குப்பத்தவர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தனர். அன்றே நடுக்குப்பத்து மீன் அங்காடி தீக்கிரையாயிற்று. எரிந்த கொட்டகையின் சாம்பலில் கருகிய மீனும் தராசும் கிடந்தன. அங்காடி பிறகு மீண்டும் கட்டித் தரப்பட்டது.

குப்பங்களைத் தொட்டுச் செல்லும் மெரினா வளையச் சாலையில், 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று கூறியது. கடைகள் அகற்றப்பட்டன. மீனவர்கள் சாலையில் படகுகளையும் வலைகளையும் போட்டு மறித்தனர். சாலை முதலில் வந்ததா, குப்பம் முதலில் வந்ததா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. 2024 ஆகத்தில் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் மேடையும் நீர்க்குழாயும் எண்ணிட்ட இடங்களும் உள்ள அங்காடி. சாலையோரத்தில் கூடையின் முன் குந்தியிருந்த பெண்கள் இப்போது அம்மேடைகளில் இருக்கிறார்கள். நின்று வாங்குபவர் கண்ணுக்கு நேராக அவர்கள் கண்ணும் இருக்கிறது.